இரண்டாவது தடவை

ஓக்கியின் புது வைக்கோல் கொட்டகையில் வைக்கோல் இறங்குவதற்கு முன்னால் அந்தத் தரையில் ஆடியாக வேண்டும். மலையில் எல்லா வீட்டுக்கும் அதுதான் வழக்கம். கூரை வேய்ந்து முடித்த கையோடு, வெயில் சாயுமுன்பே பிடில்காரன் வந்துவிட்டான். ஆடுகிறவர்களுக்கு அடுத்த அடவு என்னவென்று கூவிச் சொல்ல டெல்மரை விட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. அவனும் அதை மறக்கிற ஆள் இல்லை.

ரீவா வந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் மணக்கோலத்தில் தேவாலய வாசலில் நின்றவள், மாப்பிள்ளை வரவேயில்லை. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. மூன்று வாரமாகக் கெஞ்சிக் கூப்பிட்டது டெல்மர்தான். "நான் இருக்கேன்ல, எவன் என்ன சொல்லிடுவான்?" என்றான். தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்றும் கேட்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்றிருந்தாள்.

நாலு ஜோடி சதுரமாக நின்றார்கள். டெல்மருக்கு ஜோடி ஓக்கியின் மனைவி டெஸ்ஸி. எதிரில் ஓக்கியோடு ரீவா.

"கைய நீட்டிப் போ பொண்ணே, சுத்துறவன் சுத்தட்டும், ஏய்க்கிறவன் ஏய்க்கட்டும்!" என்று டெல்மர் ஆடிக்கொண்டே குரல் கொடுத்தான். எல்லோருக்கும் பிடித்த அடவு அது. பெண் கைநீட்டி ஒவ்வொரு ஆணிடமும் வருவாள். அவன் அவளைக் கைபிடித்துச் சுற்றலாம், கடைசி நொடியில் நழுவி வேறொருத்தியைச் சுற்றலாம். அடுத்து ஆண்கள் வரும்போது அவளும் பழி வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு பேர் ரீவாவை ஒழுங்காகச் சுற்றி அனுப்பினார்கள். சிரித்த முகமாக டெல்மரிடம் வந்தாள். அவன் கையை அகல விரித்தான். அவள் நெருங்கியதும் சட்டென்று திரும்பி டெஸ்ஸியைச் சுற்றினான். கொட்டகை அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவன் தலைக்கேறிவிட்டது. மறுபடி கையை விரித்தான். அவள் நம்பி வந்தாள். மறுபடியும் நழுவினான்.

"என்ன ரீவா, திரும்பவும் நிக்க வெச்சுட்டானா!" என்றது கதவோரக் குரல்.

சிரிப்பு நின்றது. நீட்டிய கைகளை ரீவா மெல்லக் கீழே இறக்கினாள். அப்போதுதான் டெல்மருக்கு உறைத்தது.

பாதியில் யாரும் சதுரத்தை விட்டுப் போகக்கூடாது. மற்ற ஏழு பேர் ஆட்டமும் கெட்டுவிடும். ரீவா போகவில்லை. 'மன்னிச்சுடு' என்று ஒரு வார்த்தை சொல்லத் துடித்தான். அடவு சொல்கிற வாய்க்கு அதற்கு நேரமில்லை. "வலக்கை கொடு, இடக்கை கொடு" என்று அவனே கத்த, அவன் கத்தலுக்கே அவள் கை திரும்பத் திரும்ப அவன் கைக்குள் வந்துபோனது. குளிர்ந்திருந்தது. முகம் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

ஆண்கள் முறை வந்தது. கைநீட்டி அவள் முன் போய் நின்றான்.

"விடாத ரீவா! நல்லா நிக்க வை அந்தப் பயல!" என்று டெஸ்ஸி கத்தினாள்.

அதைத்தான் அவனும் வேண்டிக்கொண்டிருந்தான். ரீவா ஏய்க்கவில்லை. அவனைப் பிடித்து இரண்டு முழுச் சுற்று, அழகாக, குறையில்லாமல் சுற்றி அவன் இடத்திலேயே கொண்டுபோய் விட்டாள். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருக்கலாம், அது மேல் என்றிருந்தது அவனுக்கு.

பிடில் நின்றதும் தண்ணீர் வாளியருகே ஓடினான். "ரீவா, சும்மா விளையாட்டுக்கு... எல்லாரும் செய்யறதுதானே..."

"முதல் தடவ விளையாட்டுதான் டெல்மர். நானும் சிரிச்சேன்." அவள் சால்வையை எடுத்துக்கொண்டாள். "ரெண்டாவது தடவ நீ சிரிச்சவங்க முகத்தப் பாத்துட்டு அப்புறம் கைய விரிச்ச. நான் பாத்தேன்."

அவள் சொன்னது நிஜம்.

"அடுத்த சதுரம்! டெல்மர், எங்கய்யா போயிட்ட?" என்று ஓக்கி கூப்பிட்டான்.

ரீவா வேலியைத் தாண்டிச் சாலையில் இறங்கிவிட்டாள். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. வெகுதூரம்வரை அவள் போவது தெரிந்தது. டெல்மர் உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றான். பிடில் தொடங்கியது. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.