ப்ரோ பெட்டியில் மூன்று சுற்று

"ஃபைனல் ப்ரோ மாடல்லதான்" என்று ஜாபஸ் மைக்கில் சொன்னதும் ஜெபிஷா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, கார்ப் பந்தய வீடியோ கேமில் மாவட்டப் போட்டி நடத்திக்கொண்டிருந்தான் ஜாபஸ். ஜெயிப்பவருக்குச் சென்னை மாநிலப் போட்டியில் இடம். ஃபைனலுக்கு மிஞ்சியது ஜெபிஷாவும் பாண்டிச்செல்வமும்தான். காலையிலிருந்து எல்லா ஆட்டமும் கேம் பெட்டியின் சாதாரண மாடலில்தான் நடந்தன. சாத்தூரில் நர்ஸாக இருக்கும் ஜெபிஷா வீட்டில் வைத்திருப்பதும் அதுதான். அதே பெட்டியை வேகம் கூட்டி, அடுத்த தலைமுறைப் பெட்டி வருமுன்பே 'ப்ரோ' என்று கடையில் இறக்கியபோது அவள் சீந்தவில்லை. அதே கேம், அதே ரோடு. படம் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு ஓடும், அவ்வளவுதானே?

இப்போது மேடைக்கு விறுவிறுவென்று ஏறினாள்.

"பாதியில பெட்டிய மாத்துனா எப்பிடி?"

"பெரிய ஸ்க்ரீன்ல அதுதான் நல்லா தெரியும் சிஸ்டர்" என்று இழுத்தான் ஜாபஸ். "பாண்டிச்செல்வம் அண்ணன் வீட்ல அது இருக்கு. அவருக்கு ஒண்ணுமில்ல."

"எனக்கு இருக்கே!"

கீழே விசில் பறந்தது. ஜாபஸ் கையைப் பிசைந்தான். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. பத்து நிமிசம்."

பாண்டிச்செல்வம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் டிரைவர். நாற்பதை நெருங்கிய மனிதர். மண்டப வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"பழசுல ஆடுனா எனக்குக் கை பிந்துது சிஸ்டர். செமில தப்பிச்சதே பெரும்பாடு."

"அதுக்கு நான் என்ன செய்ய? நல்லா ஓடுற பெட்டிய வச்சுக்கிட்டு ப்ரோவ யாரு வாங்கச் சொன்னா? ரெண்டு வருசம் பொறுத்தா அடுத்ததே வந்துருமே."

கேட்ட வேகம் அவளுக்கே உறைத்தது. அவர் கோபப்படவில்லை.

"பிப்ரவரியில எங்க கம்பெனி ரூம் ஒண்ணு வெடிச்சுதுல்ல? காலைல சுப்புத்தாய் அக்கா எம் பின்சீட்ல உக்காந்து மக கல்யாணத்தப் பேசிட்டு வந்தாக. சாயங்காலம் அந்த சீட்டு காலி. அந்த வாரமே பழச வித்துட்டு இத வாங்குனேன். ரெண்டு வருசம் கழிச்சு வரப்போறத நம்பி எதுக்கு இருக்கணும்னு தோணிச்சு."

அந்த பிப்ரவரி நாளில் ஜெபிஷா டியூட்டியில் இருந்தாள். ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களின் பெயர் எழுதியது அவள் கைதான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"ரெண்டுலயும் ஆடுவோம்ணே. பழசுல மூணு சுத்து, ப்ரோவுல மூணு சுத்து. தனித்தனியா ஓட்டி, நேரத்தக் கூட்டிப் பாப்போம்."

"சரி சிஸ்டர்."

பழைய பெட்டியில் அவள் முந்தினாள், புள்ளி ஒன்பது நொடி வித்தியாசத்தில். ப்ரோவில் பாண்டிச்செல்வம் முதலில் ஓட்டி முடித்துவிட்டு எழுந்தார். அவருடைய நேரம் திரையின் மூலையில் நின்றது.

ஜெபிஷா உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே பிரேக்கைச் சீக்கிரம் பிடித்துவிட்டாள். பழைய பெட்டியில் படம் இம்மி பிந்தி வரும். அதற்கு முன்கூட்டியே அமுக்கிப் பழகிய விரல் அது. இங்கே ரோடு உடனுக்குடன் வந்து நின்றது. கார் தத்தளித்துச் சுவரை உரசியது. முதல் சுற்று முடிவில் அவர் நேரத்துக்கு முழுசாக இரண்டு நொடி பின்னால்.

கூட்டம் "அய்யோ" என்றது. பொறு, கண்ணால் பார்த்த பிறகு அமுக்கு என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் கை பதிந்தது. மூன்றாம் சுற்றில், மழை பெய்யும் கொண்டை ஊசி வளைவில், இதுவரை அவள் துணியாத வேகத்தில் கார் திரும்பியது. இழந்த இரண்டு நொடியில் புள்ளி ஏழு நொடியை மீட்டுக் கோட்டைத் தாண்டினாள்.

போதவில்லை. இரண்டு பெட்டி நேரத்தையும் கூட்டியதில் புள்ளி நான்கு நொடியில் பாண்டிச்செல்வம் ஜெயித்திருந்தார்.

கண்ணில் முட்டிய நீரை அடக்கிக்கொண்டு பையைத் தூக்கினாள். பெட்டியால் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைசிச் சுற்று அவள் வாழ்க்கையிலேயே ஓட்டிய நல்ல சுற்று. அது அதே பெட்டியில்தான் வந்தது. அந்த எரிச்சலோடு படி இறங்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"சிஸ்டர், ஒரு நிமிசம்."

கையில் கோப்பையோடு பாண்டிச்செல்வம். முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"ஜாபஸ் இப்பத்தான் சொல்லுதான். சென்னையில எல்லா ஆட்டமும் சாதாரண மாடல்லதானாம். ப்ரோவ அங்க சேக்க மாட்டாகளாம். எம் பழசத்தான் வித்துட்டேனே." கோப்பையை அடுத்த கைக்கு மாற்றினார். "உங்க பெட்டில கொஞ்ச நாள் பழகிக்கிடட்டுமா?"

பத்து நிமிடத்துக்கு முன் அவள் இடத்தைத் தட்டிப்பறித்த மனிதர். முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் பார்வை தரையில் இருந்தது.

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு வாங்கண்ணே" என்றாள். "ஆனா சும்மா பழகிட்டுப் போக முடியாது. எங்கூட மோதணும்."