மூட்டுவலி மாத்திரை

தீக்காய வார்டு வாசலில், இரும்பு நாற்காலிகளில் அக்காவும் நானும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். நேற்று மதியம் சலவை ஆலையில் பாய்லர் வெடித்து, அத்தானுக்குப் பாதி உடம்பு வெந்துபோயிருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"கணக்குப்படி சலைன் ஏத்தியாச்சு. பிரஷர் ஏறுறதுக்கு மருந்தும் ஓடுது. ஆனா ஏற மாட்டேங்குது. தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுவாரா?"

"தலைவலித் தைலம்கூடத் தடவ மாட்டார் டாக்டர்," என்றாள் அக்கா. "வேணும்னா இவனைக் கேளுங்க. என் தம்பி, மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கான். எங்க வீட்டு டாக்டரே இவன்தான்."

நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மூட்டுவலி என்று அத்தான் கடைக்கு வந்தார். டாக்டர் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன்; அவரிடம் மூட்டுவலி மாத்திரை என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் மாடிப்படி தாவி ஏறினார். "உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே மச்சான். கிழவன்னு கிண்டல் பண்ணுவா" என்றார். அன்றிலிருந்து மாதாமாதம் அட்டை கொடுத்தேன். மாத்திரையால் அவர் முகம் பந்து மாதிரி உப்பியது. தன் கைச்சமையல்தான் காரணம் என்று அக்காவுக்கு ஒரே பெருமை.

அந்த முகத்தைப் பார்த்திருந்தால் டாக்டரம்மாவுக்கே விஷயம் புரிந்திருக்கும். இப்போது வெந்ததில் முகமே வீங்கிக் கிடந்தது. எது எந்த வீக்கம் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்டீராய்டை உடம்பே சுரக்கும். இரண்டு வருஷமாக மாத்திரையாய் வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்ததால், அதைச் சுரக்கவே உடம்பு மறந்திருக்கும். நேற்றிலிருந்து மாத்திரையும் இல்லை. சொன்னால் கடை உரிமம் போகும், அக்கா முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அத்தானே போய்விடுவார். எழுந்து ஓடவும் வழியில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"வாயைத் திறந்து சொல்லேன்டா, ஒண்ணும் கிடையாதுன்னு!"

"ஸ்டீராய்டு," என்றேன். "தினமும் இருபது மில்லிகிராம். ரெண்டு வருஷமா. நான்தான் கொடுத்தேன்."

மணிக்கட்டிலிருந்த பிடி விட்டுப்போனது.

டாக்டரம்மா கதவைத் தள்ளினார். "சிஸ்டர், ஸ்டீராய்டு ஊசி, ஹைட்ரோகார்டிசோன் நூறு, உடனே!" என்னிடம் திரும்பி, "சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எங்கேயும் போயிடாதீங்க" என்றார்.

எழுதினேன். காகிதம் அத்தானின் ஃபைலுக்குள் போனது.

இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பிரஷர் ஏறுதும்மா. ஆனா இன்னும் கண்டம் தாண்டலை."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மெல்ல எழுந்தேன்.

"உட்காரு." அவள் என் பக்கம் திரும்பவில்லை. "கண்ணு முழிச்சதும் முதல்ல, மச்சான் எங்கேன்னுதான் கேப்பார். என்ன கொடுத்தேன்னு நீயே அவர்கிட்ட சொல்லு."

உட்கார்ந்தேன்.