நல்ல கார்ட்

பந்தல்காரர்கள் முற்றத்தில் கம்பு நாட்டக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, செத்தவரின் ஒரே மகன் இந்துஜன் அறைக்குள் இருந்து கொம்பியூட்டர் கார்ட் ஒன்றை அழிறப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாமி மட்டும் கிட்ட வந்தார்.

"என்ன தம்பி, சோதினையா?"

"இல்ல மாமி. கார்ட்."

"ஓ" என்றுவிட்டு அவர் அழப் போனார்.

கடலோர ஊரான உடப்பின் உப்புக்காற்றில் எந்தக் கார்ட்டின் பற்களும் ஆறு மாதத்தில் கறுத்துவிடும். அழிறப்பரால் தேய்த்தால் திரும்ப வேலை செய்யும். ஆனால் இன்று காலை ஏழு மணிக்குக் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் இந்தக் கார்ட்டின் நடுவே மிளகளவில் கருகியிருந்தது. அழிறப்பருக்கு அந்தளவு சக்தி கிடையாது. இந்துஜனுக்கும் அது தெரியும். ஆனாலும் தேய்த்தான். செய்வதற்கு வேறு வேலை என்று பார்த்தால் அழுவதுதான் இருந்தது.

அவனுடைய அப்பா வீரகத்தி விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் இறால் குளத்தில் மிதந்தார். நெஞ்சளவு தண்ணீர். இறாலுக்கு வருமுன் இருபத்தைந்து வருடம் கடலுக்குப் போனவர். சனிக்கிழமை வெள்ளைப்புள்ளி நோய் வந்து இரண்டு குளத்து இறாலும் செத்துக் கரையொதுங்கியிருந்தன. இன்று செவ்வாய். மரண விசாரணை அதிகாரி வந்தார், குளக்கட்டில் பத்து நிமிடம் நின்றார், கால் வழுக்கி விழுந்து மூழ்கியதாக எழுதினார், உடலைச் சிலாபம் ஆசுப்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார், ஓர் இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஊரும் வழுக்கலை ஏற்றுக்கொண்டது. குறைந்தபட்சம் பந்தலுக்குக் கீழே ஏற்றுக்கொண்டது.

ஏற்காதவர் ஒருவர்தான்.

"எனக்குப் பாக்கோணும்" என்றார் அவனுடைய அம்மா ராசம்மா. கொழும்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய மகனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

குளத்து மூலையில் ஒரு கமரா இருந்தது. அது பார்ப்பதெல்லாம் அலுமாரிக்குப் பக்கத்திலிருந்த சேர்வரில் பதிவாகும். சேர்வர் என்பது, இந்துஜன் பல்கலைக்கழக இரண்டாம் வருடத்தில் படித்ததை வீட்டில் செய்துபார்க்க வேண்டும் என்று ஒரு பழைய கொம்பியூட்டரில் நான்கு டிஸ்க்கைப் பூட்டி, அதற்கு அவனே வைத்த பெயர். "ஆறு மாசத்துப் பதிவு நிக்கும் அப்பா" என்று விளக்கியபோது, "ஆறு மாசத்துக்கு முந்தின இறாலப் பாத்து என்னடா செய்யிற?" என்று கேட்டார் வீரகத்தி.

நான்கு டிஸ்க்கையும் ஒன்றாக ஆள ஒரு கார்ட் வேண்டும். அதைத் தெரிவுசெய்ய மூன்று வாரம் இணையத்தில் வாசித்தான். அங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் மற்றவர்களெல்லாம் மடையர்கள் என்பதில் ஒற்றுமையாக இருந்தார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருடைய எச்சரிக்கையும் ஒன்றாக இருந்தது: சொந்தமாக மூளை உள்ள கார்ட்டை வாங்காதே. அது செத்தால் உன்னுடைய டிஸ்க்குகள் அதன் சொந்தக்காரக் கார்ட் ஒன்றுக்குத்தான் வாய் திறக்கும். இந்துஜன் மூளையுள்ள கார்ட்டையே வாங்கினான். பார்க்க அது வடிவாக இருந்தது.

"விடு அண்ணி, பாத்து என்ன காணப் போறம்? எழுதிக் குடுத்தாச்சே" என்றார் சித்தப்பா. சிலாபத்திலிருந்து உடலை எடுத்துவர வான் வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராசம்மா அவரைப் பார்க்கவே இல்லை. "கார்ட் எங்க வாங்கலாம்?"

"புத்தளத்தில. நளீம்ட கடையில."

"போய் வாங்கிக்கொண்டு வா."

"அண்ணி, இவனெல்லோ ஆசுப்பத்திரிக்கு வரோணும்? மகன் வராம, சனம் என்ன கதைக்கும்?"

"நான்தான் அனுப்பினன் எண்டு சொல்லுங்க."

கிணற்றடியில் அக்கா மயூரதி அவனை மறித்தாள். கையில் வாளி இருந்தது. தண்ணீர் அள்ளுகிற மாதிரிக் குனிந்துகொண்டே கதைத்தாள்.

"தம்பி, அதத் திருத்தாத."

"ஏன்?"

"நேத்துப் பின்னேரம் சண்டை. அப்பா செத்த இறால ஒரு சட்டிக்குள்ள போட்டுக்கொண்டு வந்து குசினி வாசல்ல வச்சிட்டு இருந்தார். விக்கவும் ஏலாது, தின்னவும் மனமில்ல, சும்மா வச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தார். அம்மாக்கு விசர் வந்திட்டுது." கயிற்றை விட்டாள். வாளி கீழே போய்த் தண்ணீரில் விழுந்தது. "இறாலுக்கு வந்தது உங்களுக்கு வந்திருக்கக்கூடாதா எண்டு கேட்டா."

"அப்பா என்ன சொன்னார்?"

"சிரிச்சார். பிறகு பாண் சாப்பிட்டிட்டுப் படுத்தார்."

"சிரிச்சவரெண்டா..."

"எனக்குத் தெரியாது தம்பி. நான் சொல்லிட்டன். நீ படிச்சனி, நீ யோசி."

புத்தளம் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது அவன் யோசித்தான். அப்பா வழுக்கியிருந்தால் அம்மா இனி ஒருநாள் சோறு சாப்பிடுவார். வழுக்காவிட்டால் சாப்பிட மாட்டார். இரண்டும் டிஸ்க்கில் இருந்தன, பார்க்கும்வரை இரண்டும் இருந்தன. வழியில் பாலாவி உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. எந்த டிஸ்க் எத்தனை வருடம் தாங்கும், எந்தக் கார்ட் எந்தச் சூட்டில் சாகும் என்று இணையத்தில் அடிபட்டுக்கொண்ட அத்தனை பேரில் ஒருவன்கூட இதைப்பற்றி எழுதியிருக்கவில்லை.

நளீம் அவனைக் கண்டதும் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான்.

"அல்லாஹ்! மச்சான், அப்பாட செய்திய இப்பதான் போன்ல பாத்தேன். நீ இங்க என்ன செய்ற?"

"கார்ட் எடுக்க."

"இண்டைக்கா?"

"அம்மாக்குப் பாக்கோணுமாம். கமராவில."

நளீம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு கார்ட்டை எடுத்து வைத்தான். "ரெண்டுதான் ஈக்கி. இது உண்ட பழைய கார்ட்ட தம்பி. சொல்லப்போனா ஒரு மாதிரிக் கழிசடை, ரெண்டாங்கை, சூடாகும். ஆனா போட்டோடனே உள்ளுக்க ஈக்கிறத எடுக்கவான்னு கேக்கும். ஓம்னு சொன்னா அப்பிடியே வரும். இது வேற கொம்பனி. புதுசு. நல்ல சாமான், பத்து வருஷம் ஓடும். ஆனா உண்ட டிஸ்க் எல்லாம் அதுக்கு வெறும் டிஸ்க். தொடச்சிட்டுத்தான் தொடங்கும்."

"விளங்குது."

"எது?"

இந்துஜன் கழிசடையை எடுத்தான். மோட்டார் சைக்கிள்வரை போனான். திரும்பி வந்தான். நல்லதை எடுத்தான். மணிக்கூட்டுச் சந்திவரை போனான். திரும்பி வந்தான். நளீம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கார்ட்டையும் ஒரே பையில் போட்டான்.

"ரெண்டையும் கொண்டு போ, மச்சான். வேணாதத பொறகு தா."

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. நாலு மணிக்கு உடல் வரும் என்றார்கள். பந்தல் நிறையக் கதிரைகள், கதிரைகள் நிறைய ஆட்கள். ராசம்மா உள்ளே, கொம்பியூட்டரின் கறுத்த திரைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அவன் போன நேரத்திலிருந்து அப்படியே இருப்பதாக மயூரதி சொன்னாள். சுற்றியிருந்து அழ வந்த பெண்கள், அழவேண்டியவர் அழாதபடியால் சங்கடப்பட்டு வெளியே போயிருந்தார்கள்.

அவன் பையைப் பிரித்தான். ராசம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏன் ரெண்டு?"

"ஒண்டு சரிவராட்டி மற்றது."

"எது நல்லது?"

கையில் இரண்டும் இருந்தன. மூன்று வாரம் வாசித்தவன் அவன். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதில் யாருக்கும் சண்டையில்லை.

"இது" என்றான்.

"அப்ப அதப் போடு."

சேர்வரின் பக்கத்தகட்டைக் கழற்றினான். உள்ளே ஒரு பல்லி முட்டை இருந்தது. அதை எடுத்து ஜன்னலில் வைத்தான். கருகியதைப் பிடுங்கி நல்லதைச் செருகினான். திருகாணியை முறுக்கினான். கரண்ட் கொடுத்ததும் விசிறி சத்தமாக ஓடி அடங்கியது. திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடி, ஒரு கேள்வியில் வந்து நின்றன. நான்கு டிஸ்க்கில் உள்ளதும் அழியும், தொடரவா?

ராசம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"என்ன கேக்குது?"

"தொடங்கவா எண்டு கேக்குது."

"தொடங்கச் சொல்லு."

அவனுடைய விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. வெளியே யாரோ கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார், பதினேழில் பிழைவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"சொல்லன் தம்பி."

அழுத்தினான். ஒரு கோடு இடமிருந்து வலம் மெல்ல நிரம்பியது. ராசம்மா கையைக் கூப்பிக்கொண்டு அது நிரம்புவதைப் பார்த்தார். நிரம்பி முடிந்ததும் பதிவுகளின் பட்டியல் வந்தது. அதில் ஒரு வரியும் இல்லை.

"காலமை உள்ளது?"

"இல்லையம்மா."

"நேத்தையான்?"

"ஒண்டும் இல்லை. பழைய கார்ட்டோட போயிட்டுது."

ராசம்மா அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த மற்றக் கார்ட்டைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தான். அவர் அதைப் பைக்குள் போட்டு, பையின் வாயை மடித்து வைத்தார்.

அப்போது திரை ஒருதரம் மினுங்கிக் கமராவைப் பிடித்துக்கொண்டது. குளம் தெரிந்தது. பிற்பகல் மூன்று ஐம்பத்தெட்டு. தண்ணீரைக் கலக்கும் மோட்டார்ச் சில்லை ஒருவரும் நிறுத்தியிருக்கவில்லை. இறால் இல்லாத குளத்துக்கு அது காற்றடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் கொக்குகள் இறங்கி, செத்ததைப் பொறுக்கித் தின்றன.

"பெருசாக்கு" என்றார் ராசம்மா.

பெரிதாக்கினான். அவர் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டார்.

வாகனம் வீட்டுக்கு வருவதென்றால் குளக்கட்டால்தான் வரவேண்டும். கொக்குகள் திடீரென்று எழும்பின. திரையின் இடது ஓரத்தில் வெள்ளை வான் ஒன்று நுழைந்தது, பள்ளத்தில் மெதுவாக இறங்கி ஏறியது, காலையில் மரண விசாரணை அதிகாரி நின்ற இடத்தைக் கடந்தது, வலது ஓரத்தால் போய்விட்டது. கட்டு வெறிச்சோடிக் கிடந்தது. கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப இறங்கின.

வெளியே கதிரைகள் பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. மயூரதி, "அப்பா!" என்று கத்தினாள். வானின் கதவு திறந்தது.

"அம்மா, வாங்க" என்றான் இந்துஜன்.

ராசம்மா எழும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"இப்ப போனது இதில இருக்குமா?"

"ஓம்."

"திருப்பிப் போடு."

அவன் பின்னுக்கு இழுத்தான். கொக்குகள் எழும்பின. வான் மறுபடியும் இடது ஓரத்திலிருந்து வந்தது.