தலையில் கோடு போட்ட எக்ஸ்

ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுப்பதில் அந்த அம்மாளுக்குப் பதினாறு வருஷ அனுபவம். தன் கை வேகத்தில் அவளுக்கே கொஞ்சம் கர்வம் உண்டு. அது அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தலைகுப்புற விழுந்தது.

எதிரே நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். இராத்திரி வேலை பார்க்கும் அறுபது நர்ஸுகளின் தூக்கத்தை அளந்து எழுதிய ஆய்வு அவளுடையது. ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம் போச்சு. வழிகாட்டியோ கடைசி நேரத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். சேர்த்ததும் எழுத்தெல்லாம் கீழே இறங்கியது, கோடுகளைத் தவிர.

என்ன கோடு என்கிறீர்களா? எக்ஸ் எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டால் சராசரி என்று அர்த்தம். அதை அடிக்க வழி தெரியாமல், கம்ப்யூட்டரில் படம் வரைகிற இடத்துக்குப் போய், ஒவ்வொரு எக்ஸுக்கு மேலும் கண்ணளவாக ஒரு கோட்டை இழுத்து வைத்திருந்தாள் இந்த அம்மாள். இப்போது அவை கிடைத்த சொல்லின் தலையிலெல்லாம் ஏறி நின்றன. ‘கொட்டாவி’க்கு மேல் ஒன்று. ‘தலையணை’க்கு மேல் இரண்டு.

“கோடு இல்லாட்டி என்னம்மா, புரியாதா?”

“கோடு இல்லேன்னா அது ஒரே ஒருத்தி தூங்கின நேரம் அக்கா. இருந்தாத்தான் அறுபது பேரோட சராசரி. என் ஆய்வே அந்தக் கோடுதான்.” நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இதற்கு வழி தெரிந்தவள் ஒருத்திதான். அம்மாளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. புள்ளிவிவர ஆபீஸில் அறிக்கை தட்டுகிறவள். “அக்கா கம்ப்யூட்டரை டைப்ரைட்டர்னு நெனச்சுத்தான் தட்டுறாங்க” என்று நாலு பேர் முன்னால் சொன்னாள் என்று, மூன்று வருஷமாக அவளோடு பேச்சில்லை. இவள் மானத்தை மடித்து வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

“அக்காவா? யாருக்கு என்ன ஆச்சு?”

“எனக்குத்தான். எக்ஸ் தலையில கோடு நிக்கல.”

“வரைஞ்சீங்களா?”

“...வரைஞ்சேன்.”

“எத்தனை?”

“நூத்தி நாப்பத்தாறு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிரிப்பு வரும் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை.

“சரி, பதறாதீங்க. எல்லாக் கோட்டையும் தூக்கிப் போடுங்க. எக்ஸ் அடிச்சு, ஒட்டினாப்பல பூஜ்யம், மூணு, பூஜ்யம், நாலு. ஆல்ட் பொத்தானை அமுக்கிட்டு இன்னொரு எக்ஸ்.”

எண்கள் மறைந்தன. எக்ஸின் தலையில் கோடு பச்சக்கென்று உட்கார்ந்தது. “ஐயோ, வந்துடுச்சுடி!”

“இருங்க. ஒவ்வொரு தடவையும் இப்படி அடிச்சா விடிஞ்சுடும். அதைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டோட எஃப் மூணு. பேர் கேக்கும், ரெண்டெழுத்துல குடுங்க. இனிமே அந்த ரெண்டெழுத்தை அடிச்சு எஃப் மூணைத் தட்டினா, தானா வந்து நிக்கும். அட்டவணைக்குக் கீழ திரும்பத் திரும்ப வர்ற வரி ஏதாவது இருக்கா?”

“இருக்கு. இருபத்தி மூணு இடத்துல.”

“அதையும் இப்படியே சேத்து வைங்க. நாங்க முழுப் பத்தியையே வச்சிருக்கோம்.”

நர்ஸ் தன் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவள் தட்டினாள். “இதுக்குக் கோடு உண்டு. இதுக்கு வேண்டாம், இது ஒருத்தியோடது.” மூன்றே முக்காலுக்கு அச்சடித்தாகிவிட்டது. அட்டை ஒட்டியதும் ஈரம் காயக்கூட விடாமல் நர்ஸ் ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் போன் வந்தது. “வாங்கிட்டாங்க அக்கா! முத்திரை குத்தியாச்சு!”

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே ஓரகத்தியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அவள்.

“குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு. நீ நல்லா இருக்கணும்டி. உன் புண்ணியத்துல ஒரு பொண்ணுக்கு ஒரு வருஷம் மிஞ்சிச்சு. நான் வரைஞ்சேன்னு சொன்னப்ப நீ சிரிக்கல பாரு, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“சிரிச்சேன் அக்கா. போனைத் தள்ளி வச்சுட்டுச் சிரிச்சேன்.”

இவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் போனை வைக்கவே இல்லை.