குடுவை வாயில் பனி

1967 சித்திரையில் ஒருநாள்தான் அந்தக் கருவி முதன்முறையாக ஒழுங்காக வேலை செய்தது. விண்வெளியிலிருந்து வரும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள அலைகளைப் பிடிப்பதற்கான கருவி. உள்ளே இருக்கும் உணரி சூடாக இருந்தால் அதன் சொந்த இரைச்சலே எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் திரவ நைட்ரஜனில் குளிர வைக்க வேண்டும். சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஹிதாயத்துல்லா மூன்று வருஷமாக இதற்காகவே உழைத்துவந்தான். கடலோரக் காற்றின் ஈரம் அந்த அலைகளை விழுங்கிவிடும். இங்கே சோதித்துவிட்டு, காற்று வறண்ட மலைக்குக் கொண்டுபோவது திட்டம்.

கருவியின் பித்தளை வேலையும், நைட்ரஜனை ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவையும் மெக்கானிக் லூர்துசாமி செய்தவை. கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

அன்று காலை, நைட்ரஜனில் நனைத்த கறுப்புத் துணியைக் கருவியின் முன் காட்டியதும் அளவுமானியின் முள் இறங்கியது. நனைக்காத துணிக்கு ஏறியது. மறுபடியும் அப்படியே. ஹிதாயத்துல்லா நோட்டில் எழுதிக்கொண்டே போனான்.

"சார், குடுவை வாயில ஐஸ் கட்டிக்கிச்சு. ஆவி வெளிய வரல. நிறுத்திட்டு எடுத்து வுட்டுடறேன்" என்றார் லூர்துசாமி.

அவனும் பார்த்தான். வாய் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது; உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்.

"ரெண்டு நிமிஷம்ணே. முள்ளு இப்பத்தான் நெலையா நிக்குது."

லூர்துசாமி குனிந்து குடுவையை உற்றுப் பார்த்தபோது அது வெடித்தது.

இரண்டு கண்களும் போயின.

நாலாம் நாள் ஆய்வுக்கூடத் தலைவர் சிங்காரம் அவனை அழைத்தார். "கேக்காமலே அவரு கை வெச்சாருன்னு எழுதிக் குடுங்க. இல்லாட்டி மேல இருக்கறவங்க இந்த ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்க."

ஹிதாயத்துல்லா எழுதிக் கொடுத்தான். அந்தக் காகிதத்தை வைத்தே லூர்துசாமியை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவன் செம்மண்டலம் போனான். லூர்துசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி சௌந்தரம் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்கதான் சார் எடுத்துச் சொல்லணும். இவரு கேக்காம எதையும் தொடமாட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா? எந்தப் பாவி இப்பிடி எழுதுனானோ."

எடுத்த டம்ளரை அவன் கீழே வைத்தான்.

"நான்தாங்க எழுதுனேன்."

லூர்துசாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "என்னா எழுதுனீங்க? சொல்லுங்க, கேக்கறேன்."

காகிதம் கையில் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வரியும் அவனுக்கு மனப்பாடம். சொன்னான். 'அனுமதியின்றி' என்பதையும் விடவில்லை.

"நான் சொன்னேனே சார். ஐஸுன்னு சொன்னேனே."

"சொன்னீங்கண்ணே. நான்தான் கேக்கல."

சௌந்தரம் காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "கெளம்புங்க சார்."

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி, தலைவரிடம் தராமல் நேராக மேலிடத்துக்கே அனுப்பினான். விசாரணை வந்தது. லூர்துசாமியின் நீக்கம் ரத்தானது. ஹிதாயத்துல்லாவுக்கு வேலை போயிற்று. கருவியைப் பிரித்துப் பெட்டிகளில் போட்டு ஆணியடித்தார்கள். அது மலைக்குப் போகவே இல்லை.

ரத்து உத்தரவின் நகலை அவனே செம்மண்டலத்துக்குக் கொண்டுபோனான். சௌந்தரம் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "யாரு?" என்று லூர்துசாமி கேட்டார்.

"தபால்காரரு" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.