சம்மதம் வராத கடை

கடையை விற்றுக் கையெழுத்துப் போட்ட அன்று மாலை, பம்பாய் மாட்டுங்காவில் அனந்தநாராயணனின் கால்கள் கடை வாசற்படியைத் தாண்டி வெளியே வரவில்லை. கடையை வாங்கி, படிக்கு வெளியே நின்று கையெழுத்துப் போட்ட இசக்கிப்பாண்டியின் கால்களோ அந்தப் படியேறி உள்ளே போகவில்லை. அது 1944ஆம் வருஷம். தேங்காய் விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. அது தென்னாட்டுக் காப்பிப்பொடி கம்பெனி ஒன்றின் ஏஜென்ஸிக் கடை. ஏஜென்ஸியை இசக்கிப்பாண்டி பெயருக்கு மாற்றக் கம்பெனிக்குத் தடையில்லை. ஆனால் கட்டடத்துக்காரர் சம்மதமில்லாமல் கடை கைமாறக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. கட்டடத்துக்காரர் ரஹ்மத்துல்லா நல்ல மனிதர். பாதிக் கட்டடம் கராச்சியிலிருக்கும் அண்ணனுடையது, அவரைக் கேட்காமல் எப்படி என்று ஹிந்தியில் சொல்லி, மாதாமாதம் வருத்தப்பட்டார்.

"தோல் கிடங்கு வேலையையும் விட்டுட்டு வந்துட்டேன் சாமி. இனி தாராவியில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி நிப்பேன்?" என்றார் இசக்கிப்பாண்டி.

"நான் என்ன பண்ணட்டும் பாண்டி? காலு கேக்க மாட்டேங்கறது" என்றார் அனந்தநாராயணன்.

அவர் கடையை விற்றதே மனைவி வாலாம்பாளுக்காகத்தான். அவளுக்குக் காச நோய். மிரஜில் வீடு எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தனியாகப் போக அவள் சம்மதிக்கவில்லை. "நீங்க இல்லாம அங்க யார் மூஞ்சியைப் பாத்துண்டு கிடப்பேன்?" என்று பாயும் தலையணையுமாகக் கடைக்கே வந்துவிட்டாள். அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்றரை வருஷம் படுத்திருந்தாள். இருமினால் காப்பிப்பொடி நிறத்தில் சளி வந்தது. 1946 பங்குனியில் இறந்துபோனாள். அவளைத் தூக்கிச் சென்றபோது அனந்தநாராயணன் படிவரை வந்து நின்றுவிட்டார். கொள்ளி வைத்தது அவள் தம்பி. மயானத்திலிருந்து திரும்பிய இசக்கிப்பாண்டி, வெளியே நின்றபடி, "நல்லபடியா முடிஞ்சிட்டு சாமி. நான் கடைசி வர நின்னேன்" என்றார். அனந்தநாராயணன் உள்ளேயே தலை முழுகினார்.

மறுவருஷம் நாடு இரண்டானது. கராச்சிக்குக் கப்பலேறப் போகிற வழியில் ரஹ்மத்துல்லா டாக்ஸியை நிறுத்தி இறங்கினார். அண்ணன் என்ன சொன்னாலும் சரி என்று சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனந்தநாராயணன் வலது காலைத் தூக்கினார். படியின் விளிம்பில் அது நின்றுவிட்டது. அண்ணன், தம்பி இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று, பத்திரத்தைப் பார்த்த கம்பெனி பிற்பாடு எழுதியது. அதற்கு முன்பே காலுக்குத் தெரிந்திருந்தது. கராச்சிக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. 1949இல், பாகிஸ்தான் போனவர்கள் சொத்து என்று சர்க்கார் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. பார்க்க வந்த அதிகாரி, இது யாருடையது என்று தீர்மானமாகும்வரை சம்மதம் கேட்கவே வழியில்லை என்று சொல்லி, அரைப் பவுண்டு பொடி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு யாரும் சம்மதம் கேட்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கமிருந்து வருகிறவர்கள் எவ்வளவு வேண்டுமென்று உள்ளே இருப்பவரிடம் சொல்லிவிட்டு, வெளியே நிற்பவரிடம் காசைக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் இசக்கிப்பாண்டி குடை பிடித்துக்கொள்வார்.