ரப்பர் கயிறு

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் தேத்தண்ணி குடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரதாப் அந்தப் பேச்சை எடுத்தான். அவனுடைய மனைவி வட்டவளைக்குக் கீழே இருந்த ஹோட்டலில் துணி வெளுக்கிற வேலை பார்த்தாள். அந்த ஹோட்டல் குளத்தில்தான் பாடசாலை விட்டபிறகு ஸஹ்லா டீச்சர் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். நல்லமுத்துவின் மகள் கிருஷாந்தியும் அவர்களில் ஒருத்தி.

"டீச்சரம்மா என்னென்னமோ வச்சிருக்காங்களாம்ணே," என்றான் பிரதாப். "கையில ஐஸ்கிரீம் டப்பா மூடி. காலுல ஸ்பொஞ்சுப் பஞ்சு. நீச்ச உடுப்புக்கு மேல தொளதொளன்னு பழைய சட்ட. எல்லாம் புள்ளைங்கள வேகமா போகவிடாம இழுக்குறதுக்காம். போகவிடாம இழுக்குறதுக்கு எதுக்கு நீச்சல் பழகணும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே நல்லமுத்துவும் சிரித்தார்.

"ஒங்க மகளுக்கு மூடியும் இல்ல, பஞ்சும் இல்ல. இடுப்புல கயித்தக் கட்டி, கரையில இருக்க கம்பியில முடிஞ்சி விட்டுர்றாங்களாம். மாட்டக் கட்டுற மாதிரி. அவ கெடந்து அடிச்சிக்கிறாளாம், அரை அடி நகர மாட்டேங்குதாம். டவுன் புள்ளைங்க ஒக்காந்து சிரிக்குதுங்களாம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் பிரதாப்பின் முழங்காலில் தட்டினார். அப்போதுதான் அவனுக்கும் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. கோப்பையில் மீதியிருந்த தேத்தண்ணியை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

போன வருடத்து ஐப்பசி மழையில் ஓயா ஆற்றின் மேல் இருந்த பலகைப் பாலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பறித்த கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்களில் விழுந்தவள் நல்லமுத்துவின் மனைவி லெட்சுமி மட்டும்தான். மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து வீசினார்கள். லெட்சுமி அதைப் பிடித்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். தண்ணீர் ஒரு பக்கம் இழுத்தது, பெண்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் தண்ணீரை அடித்தபடி ஒரே இடத்தில் நின்றாள். எதிர்க்கரையில் நின்ற நல்லமுத்துவுக்கு அவளுடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்துகொண்டது.

அதன்பிறகு, தேங்கி நிற்கிற தண்ணீரைக் கூட அவரால் நின்று பார்க்க முடியவில்லை. நீந்தப் பழக வேண்டும் என்று கிருஷாந்தி கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை, சரி என்று மட்டும் சொன்னார். ஒரு நாளாவது வந்து பாருங்கள் என்று அவள் பலமுறை கூப்பிட்டும் போகவில்லை.

அன்று வேலை விட்டதும் அவர் லயத்து வீட்டுக்குப் போகவில்லை. கை கால் கூடக் கழுவாமல், கத்தி வைத்திருந்த சாக்குப் பையோடு குறுக்குப் பாதையில் இறங்கினார். பிள்ளையை இத்தனை பேர் பார்த்துச் சிரிக்கும்படி விட்டுவிட்டோமே என்ற வெட்கம் வழியெல்லாம் கூடவே வந்தது. டீச்சரிடம் நல்ல வார்த்தையாகச் சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் நினைத்திருந்தார்.

தோட்டக்காரர்கள் போய்வருகிற பின்பக்கக் கேட் வழியாக நுழைந்தார். குளம் திடீரென்று எதிரே வந்துவிட்டது. அருகே இருந்த கம்பியிலிருந்து கறுப்பாக ஒரு கயிறு விறைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே போயிற்று. அதன் மறுமுனை கிருஷாந்தியின் இடுப்பில் இருந்தது. அவள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, இரண்டு கைகளாலும் மாறி மாறி அடித்தாள். நகரவில்லை. கரையிலிருந்த பிள்ளைகள் கைதட்டிக் கத்தினார்கள். அது அவளுக்கு உற்சாகம் கொடுக்கிற கத்தல் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

கத்தி எப்போது பையிலிருந்து கைக்கு வந்தது என்று அவருக்குத் தெரியாது. "கிருஷாந்தி" என்று கூப்பிட்டது நினைவிருக்கிறது. அவள் திரும்பினாள். ஸஹ்லா டீச்சர் குளத்தின் மறுபக்கத்திலிருந்து "வெட்டாதீங்க" என்று ஓடிவந்தார். கவ்வாத்துக் கத்திக்கு இரண்டாவது வீச்சு தேவைப்படவில்லை.

முச்சக்கர வண்டி டியூபைக் கீற்றுக் கீற்றாக அரிந்து பின்னிய கயிறு அது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அறுந்த முனை தண்ணீர்மேல் சீறிக்கொண்டு போய், திரும்பிப் பார்த்த மகளின் முகத்தில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மறுகையால் நீந்தி, தானாகவே கரைக்கு வந்தாள். விரல்களுக்கு நடுவே இரத்தம் வழிந்தது. டீச்சர் உடுப்போடு தண்ணீரில் இறங்கி அவள் கையை எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே பிளந்திருந்தது, கண் தப்பியிருந்தது.

ஹோட்டல் மெனேஜர் ஓடிவந்து சிங்களத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். நல்லமுத்து கத்தியைக் காலுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் அவரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு கயிறு தானாகவே அறுந்துவிட்டது என்று சொன்னார். அந்த அளவுக்குச் சிங்களம் நல்லமுத்துவுக்குப் புரியும். பழைய டியூபில் செய்த சாமானை யார் இங்கே கொண்டுவரச் சொன்னது என்று மெனேஜர் டீச்சரைத் திட்டியதும் புரிந்தது. இனி இந்தக் குளத்தில் வகுப்பு இல்லை என்றதும் புரிந்தது. அவர் கத்தியை மெதுவாகப் பைக்குள் போட்டார்.

வைத்தியசாலைக்கு டீச்சரின் தம்பி பைஸரின் முச்சக்கர வண்டியில்தான் போனார்கள். அந்தக் கயிற்றைப் பின்னிக் கொடுத்ததே பைஸர்தான். புறப்படுவதற்கு முன் அவன் அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்தான். நேர்வெட்டு. அதைச் சுருட்டி ஆசனத்துக்குக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அந்தப் பயணம் முழுக்க நல்லமுத்து அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பி இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே இருந்த வாங்குப் பலகையில் டீச்சர் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உடுப்போடு குளத்தில் இறங்கியிருந்ததால் அவருடைய பர்தாவிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மத்தப் பிள்ளைகளுக்கு எல்லாச் சாமானும் போட்டிக்குத்தான்ணே," என்றார். "இழுக்கிறதக் கட்டிக்கிட்டு நீந்திப் பழகிட்டா, கழட்டினதும் வேகம் வரும். இந்தக் கயிறு நானா கட்டல. ஒங்க மகள்தான் கேட்டா. தண்ணி இழுக்கிற மாதிரி ஏதாவது இருக்கா டீச்சர்னு கேட்டா. அம்மா எவ்வளவு நேரம் நின்னாங்களோ அதுக்கு மேல தன்னால நிக்க முடியணுமாம். போட்டியப் பத்தி அவ ஒரு நாளும் கேட்டதில்ல."

நல்லமுத்து தன் கைகளைப் பார்த்தார். தேயிலைக் கறை படிந்த கைகள். அவற்றை வைக்க ஓர் இடமில்லாமல் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்.

செய்தி லயத்துக்கு அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. டீச்சர் கட்டிவிட்ட பழைய டியூப் அறுந்து பிள்ளையின் கண் போகப் பார்த்தது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் டீச்சரை ஏசினார்கள். நல்லமுத்து அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மலையில் பிரதாப், தான் அன்றைக்கே சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் ஒருவர், டீச்சரைப் பற்றிப் பாடசாலைக்கு எழுதிப்போட வேண்டும் என்று இறங்கியபோதும் நல்லமுத்து பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறந்தார். வேலைக்குப் பேர் கூப்பிட்டார்கள், மூடிக்கொண்டார். மூடிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்கு ஏற்பட்ட ஆறுதல்தான் அன்று பகல் முழுக்க அவரை அரித்தது.

கிருஷாந்தி பேசவே இல்லை. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், கட்டுப் போட்ட முகத்தோடு படித்தாள். அவர் வெட்டியதை அவள் நேருக்கு நேர் பார்த்தவள். ஓர் இரவு சோற்றைப் போட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போது மட்டும் சொன்னாள்:

"டீச்சரோட கயிறு நல்லாத்தான்ப்பா இருந்திச்சி."

மறுநாள் அவர் அரைநாள் லீவு கேட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹோட்டலின் முன்பக்க வாசலால் போனார். அந்த வாசலால் அவர் போனதே இல்லை. மெனேஜர் யாரோ வெள்ளைக்காரப் பயணிகளோடு பேசி முடிக்கும்வரை ஓரமாக நின்றார். நல்லமுத்துவின் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம். ஆனால் 'நான்தான் வெட்டினேன்' என்று சொல்ல இரண்டே சொல் போதும். அதைச் சொன்னார். டீச்சர் பொய் சொன்னது தனக்காக என்பதையும் தட்டித் தடவிச் சொல்லி முடித்தார்.

ஏன் வெட்டினாய் என்று மெனேஜர் கேட்டார்.

அதற்கு அவரிடம் சிங்களம் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் இருந்திருக்காது. இடுப்பைத் தொட்டுக் காட்டினார், ஓயா இருந்த திசையைக் கையால் காட்டினார், அதற்குமேல் முடியாமல் நின்றார். கவுண்டரில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். துணிக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பிரதாப்பின் மனைவி நின்று கேட்டாள். கேட்கட்டும் என்று விட்டார். காது மட்டும் சுட்டது.

மெனேஜர் நன்றாகத் திட்டினார். கத்தியோடு உள்ளே வருகிறவனைப் பொலிஸில்தான் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் டீச்சரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வகுப்பு நடக்கலாம், ஆனால் கம்பியில் இனி எதையும் கட்டக் கூடாது.

தையல் பிரித்து, டொக்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று சொன்னபிறகு கிருஷாந்தி குளத்துக்குப் போனாள். நல்லமுத்துவும் போனார், அவள் கூப்பிடாமலேயே, கொஞ்சம் பின்தங்கி நடந்து. பைஸர் புதிய டியூபில் கயிறு பின்னிக் கொடுத்திருந்தான். டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்தார்.

"யாராவதுதான் புடிச்சிக்கணும்ணே. நான் புடிச்சா மத்தப் பிள்ளைகளப் பாக்க ஏலாது."

அவர் கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் சுற்றிக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். இன்னொன்று போட்டார். அதற்குமேலும் ஒன்று போட்டார்.

"இப்ப ஒங்கப்பாவக் கட்டிட்டாங்கடி," என்றாள் ஒரு பிள்ளை. மற்றவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். நாளைத் தேத்தண்ணி நேரத்துக்கு இந்தப் பேச்சு மலைக்கு வந்துவிடும். வெறுங்காலோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அவர் கட்டுண்டு நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரை ஓடுகளைப் பார்த்தார்.

கிருஷாந்தி தண்ணீரில் இறங்கி, கயிற்றின் மறுமுனையிலிருந்த பட்டியை இடுப்பில் மாட்டினாள். கண்ணுக்குக் கீழே தழும்பு சிவப்பாக இருந்தது. கயிறு இரண்டு பேருக்கும் நடுவே தொய்ந்து கிடந்தது.

"அப்பா, இன்னும் பின்னாடி போங்க. லூசா இருக்கு."

அவர் பின்னால் நகர்ந்தார். அவள் முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். முதல் இழுப்பிலேயே அவர் தடுமாறினார், இவ்வளவு பலத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஓட்டு இடுக்கில் கால்விரல்களை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். அப்படிச் சாய்ந்து நிற்கும்போது தரையைப் பார்க்க முடியாது. எதிரே தண்ணீர்தான் இருந்தது, அதில் மகளின் கைகள் மாறி மாறி எழுந்தன. இடுப்பு நொந்தது. டீச்சர் போதும் என்று கைகாட்டினார். கிருஷாந்தி அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் நிறுத்தவில்லை. நல்லமுத்து பிடித்துக்கொண்டு நின்றார்.